நாற்பத்தொன்றாம் நிமிடம்

பெட்ஃபோர்டில், முடிதிருத்தும் கடைக்கு மேலே என் அறை.
கீழே ஹேர் டிரையர் ஓடினால்
திரையில் அழுகிறவர்களை
இன்னொரு தடவை அழ வைக்க வேண்டும்.

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
இடைவெளியும் கணக்கில் சேரும்.
போ ஆற்றின் கழிமுகத்தில் விலாங்கு பிடிக்கிறவர்கள்
மூச்சு விடாமல் ஏசிக்கொள்ளும்போது
மூன்று வசவில் ஒன்றைத்தான் கரையேற்றுகிறேன்.
மற்ற இரண்டும்
உப்புத் தண்ணீரிலேயே கிடக்கின்றன.

மாதாவைத் திட்டினால் இங்கே யாருக்கும் உறைக்காது.
ஓரிடத்தில்
மழையைத் திட்டுவதாக மாற்றி வைத்தேன்.
அரங்கம் கைதட்டியது என்றார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம்.
மதகின் மேல் டெல்ஃபினா, கையில் வலை,
முழங்கால்வரை சேறு.
மிலானுக்குப் புறப்படும் லாரியின் பின்னாலிருந்து
எலிஜியோ கேட்கிறான்:
நீயும் வந்துவிடேன்.
அவள் சொல்கிறாள்: மகாரி.

ஒன்றேகால் விநாடி.
போய்விடக் கூடாதா என்று ஏங்குவதும்
போனாலும் போவேன் என்று மிரட்டுவதும்
அதற்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று
கதவைச் சாத்துவதும்
ஒரே வாயில்.
தடித்த அகராதி ஐந்து பொருள் தந்தது.
எது இவளுடையது என்பதை மட்டும்
சொல்லவில்லை.

மணி மூன்று. ஒன்பதுக்கு ஃபைலை அனுப்ப வேண்டும்.
'ஒருவேளை' என்று போட்டேன்.
ஆங்கிலத்தில் அது ஐந்தே எழுத்து.
மீதி முப்பத்தேழு இடம்
பரிமாறாத தட்டு மாதிரி
அவள் காலடியில் கிடந்தது.

நவம்பரில், நூலகத்து மாடியில் திரையிட்டார்கள்.
நாற்பது நாற்காலி, இருபத்தாறு பேர், ஈரக் குடைகள்.
செங்கல் சூளைக்கு ஆள் எடுத்தபோது
கம்பானியாவிலிருந்தும் மொலீஸேயிலிருந்தும்
வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் முன்வரிசையில்.
அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள்.
பின்வரிசை முகத்துக்குக் கீழே பார்த்தது.
ஒவ்வொரு வேடிக்கைக்கும்
பின்வரிசை முதலில் சிரித்தது,
நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே.
பிறகு முன்வரிசை.
இரண்டு சிரிப்புக்கும் நடுவில்
நான் உட்கார்ந்திருந்தேன், கோட்டைக் கழற்றாமல்.

நாற்பத்தொன்றாம் நிமிடம்.
மகாரி.
அசுந்தா பாலும்போ நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்பினாள்,
எந்த எழுத்திலும் ஏறாத சத்தம்.
பக்கத்தில் அவள் கணவர் டெரிக், கண்ணாடியைத் துடைத்தபடி:
"ஒருவேளைன்னா? சம்மதிச்சுட்டாளா?"
அசுந்தா தோளைத் தூக்கி இறக்கினாள்.
டெரிக் சரி என்று தலையாட்டினார்.
முப்பத்தெட்டு வருடக் குடித்தனம்.
அந்தத் தோளுக்கு அவர்
கீழே எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தேன்.
தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றியது,
பாலம் தாண்டியதும் தோன்றவில்லை,
சாவியைத் தேடும்போது மறுபடி தோன்றியது.
படத்தின் நிச்சயமின்மை அருமை என்று
ஒருவர் பத்திரிகையில் எழுதியிருந்தார்.
அந்த அருமை
என் தூக்கக் கலக்கம்.

வசந்தத்தில் புதுப் பிரதிக்குத் திருத்தம் கேட்டார்கள்.
மழையை எடுத்துவிட்டு
மாதாவைத் திரும்ப வைத்தேன்.
எலிஜியோவின் கேள்வியில் ஒரு காற்புள்ளியைத் தள்ளினேன்.
'ஒருவேளை'யை அழித்தேன்.
அந்த இடத்தில் ஒன்றும் போடவில்லை.
ஒன்றேகால் விநாடிக்குச்
சேறு, வலை, லாரி இன்ஜின்,
அவள் உதடு.

லண்டனிலிருந்து பரிசோதகர் ரூபர்ட் எழுதினார்:
நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் ஒரு வரி
விடுபட்டிருக்கிறது. பிழையா?

ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன்.
மகாரி.

சாயங்காலம் வரை எதுவும் வரவில்லை.
கீழே ஹேர் டிரையர் நின்று
கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்டது.
விலைப்பட்டியலை எடுத்துப் பூர்த்தி செய்தேன்.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி,
யாரும் பேசாத நிமிடத்துக்கும் சேர்த்து.